மியிங்யானில் விழுந்த இளம் அதிகாரி: நூல் அச்சிட உதவி வேண்டுகிறோம்

ஊரவர்களுக்கும் கடல்கடந்து வாழும் உறவுகளுக்கும் எமது வாசிகசாலைக் குழுவின் வணக்கம்.

பாடசாலைப் பிள்ளைகளுக்காக ஒரு சிறு நூல் எழுதி முடித்திருக்கிறோம். இரண்டாம் உலகப் போரில் விழுந்த லெப்டினன்ட் கரம்ஜீத் சிங் ஜட்ஜ் என்ற இந்திய அதிகாரியின் கதை. அச்சுச் செலவுக்குத்தான் உங்களிடம் வருகிறோம்.

1923 மே 25 அன்று பஞ்சாபின் கபூர்தலாவில் பிறந்தவர் இவர். பிரிட்டிஷ் இந்திய இராணுவத்தின் 15ஆவது பஞ்சாப் ரெஜிமென்டில் சேர்ந்தார். 1945 மார்ச் 18 அன்று, பர்மாவின் மியிங்யான் நகருக்கு வெளியே ஒரு பஞ்சாலைப் பகுதியை ஜப்பானியரிடமிருந்து பிடிக்க இவருடைய கொம்பனி அனுப்பப்பட்டது. ஏறக்குறைய 200 ஷெல்கள் வந்து விழுந்த சண்டை அது. பங்கர் என்றால் என்ன, ஷெல் விழும்போது வெட்டவெளியில் நிற்பது எப்படிப்பட்டது என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இவர் அப்படி வெட்டவெளியில் ஓடி ஓடி, டாங்கியில் பொருத்தியிருந்த தொலைபேசியில் உள்ளே இருந்தவர்களோடு பேசி, எந்தப் பங்கரை அடிக்கவேண்டும் என்று காட்டினார். டாங்கி அடித்து முடித்ததும் தன் ஆட்களுக்கு முன்னால் தானே பாய்ந்தார். பத்துப் பங்கர்கள் இப்படி விழுந்தன. கடைசியில் மூன்று மிஞ்சின. ஒரு டாங்கியை 20 யார் தூரம் வரை கொண்டுவந்து, புகைக்குண்டு எறிந்து இலக்கைக் காட்டினார். பிறகு சுடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டுச் சில பேரோடு கிட்டப் போனபோது, பத்து யார் தூரத்தில் இயந்திரத் துப்பாக்கி அவர் நெஞ்சில் சுட்டது. கூடப் போனவர்கள் அந்த இடத்தைப் பிடித்தார்கள். அவருக்கு 21 வயது. இறந்த பிறகு, பிரிட்டிஷ் படையில் வீரத்துக்கான அதியுயர் விருதான விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டது.

வெள்ளைக்காரனின் படையில் நின்று செத்த பஞ்சாபிக்கு யாழ்ப்பாணத்தில் எதற்குப் புத்தகம் என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அந்தப் போர் எங்களைத் தொடாமல் போகவில்லை. பலாலி விமானத்தளம் அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை போட்டது. பர்மாச் சண்டையை நடத்திய தலைமையகம் 1944இல் கண்டிக்கு வந்தது. மலாயாவில் ரயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலை பார்த்த எங்கள் ஆட்களிடமிருந்து ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் காசும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. ஜட்ஜ் விழுந்த அதே மாதம், மியிங்யானுக்குத் தெற்கே போப்பா மலைப் பக்கத்தில் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவம் பிரிட்டிஷ் படையை எதிர்த்து நின்றது. அந்த இராணுவத்தில் மலாயாத் தமிழர் நிறையப் பேர். இரண்டு பக்கமும் எங்கள் பகுதி மனிதர்கள் நின்ற போரை ஹிட்லர், சேர்ச்சில் என்ற இரண்டு பெயர்களோடு பிள்ளைகள் படித்து முடித்துவிடக் கூடாது என்பதுதான் எங்கள் எண்ணம். ஆகவே நூலின் பிற்பகுதியில் அந்த இராணுவத்தையும், சயாமிலிருந்து (தாய்லாந்து) பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட மரண ரயில் பாதையில் மாண்ட மலாயாத் தோட்டத் தமிழர்களையும் பற்றி எழுதியிருக்கிறோம். எந்தப் படைக்கும் கொடி பிடிக்கும் நூல் அல்ல இது.

சரி, செலவுக்கு வருவோம். 64 பக்கம், 1,000 பிரதிகள். ஒரு பிரதிக்கு 600 ரூபா என்று அச்சகத்தில் விலை சொல்லியிருக்கிறார்கள். மொத்தம் 6 இலட்சம். ஒரு பிரதிக்கான காசு தந்தாலும் பெரிய உதவி. ஒரு பாடசாலைக்குப் பத்துப் பிரதி என்று பொறுப்பெடுத்தால் இன்னும் சந்தோஷம். விற்பனைக்கு இல்லை. யாழ். மாவட்டப் பாடசாலை நூலகங்களுக்கும் பொது நூலகத்துக்கும் இலவசமாகவே கொடுப்போம். பின்னேரங்களில் வாசிகசாலைக்கு வந்து பொருளாளரிடம் கொடுத்துப் பற்றுச்சீட்டைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் உள்ள உறவினர் மூலம் அனுப்பலாம். வரவு செலவு விபரம் மாதாமாதம் அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும்.

காசு தர வசதியில்லாதவர்களிடமும் ஒன்று கேட்கிறோம். மலாயா, பர்மாக் காலத்துப் படங்கள், கடிதங்கள், ஜப்பான்காரன் அடித்த நோட்டுகள் வீட்டு அலுமாரியில் கிடந்தால் கொண்டுவாருங்கள். உங்கள் முன்னாலேயே பிரதி எடுத்துவிட்டு, கையோடு திருப்பித் தருவோம்.

நன்றியுடன்,
நூலாக்கக் குழுவினர்