அருவிக்கு எத்தனை மணி

கிருஷ்ணகிரி

அன்பு மகளுக்கு,

துணித் துண்டுகளை இணைத்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் குவில்ட்டாக நீ செய்திருக்கும் ஒகேனக்கல் அருவியின் படங்களை நானும் உன் அம்மாவும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். பாறைகளுக்கு நீ தேர்ந்த சாம்பலும் காவியும் கறுப்புமான துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பர்கூர்க் கடைகளில் மீட்டர் கணக்கில் வாங்கிய மலிவுத் துணியும் அதில் இருப்பதாக உன் அம்மா அடையாளம் சொன்னாள். ஆனால் தண்ணீர் மட்டும் இன்னும் துணியாகவே இருக்கிறது. அதை நீயும் உணர்ந்ததால்தான் அதன்மேல் கண்ணாடி மணி தைக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகத் தைக்கலாம். அருவி முழுவதையும் மணியால் நிரப்பப் போவதாக நீ எழுதியிருப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

பருத்தித் துணியால் நிறம் காட்ட முடியும், மடிப்பும் நிழலும் காட்ட முடியும். தன்மேல் விழுந்த ஒளியைத் திருப்பி அனுப்பும் வேலை மட்டும் அதனால் ஆகாது. மணி வருவது அந்த ஒரு வேலைக்காகத்தான். ஆகையால் உன் படத்தில் வெயில் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்பதை முதலில் முடிவு செய்துகொள். தண்ணீர் பாறை விளிம்பைத் தாண்டி வளையும் இடம், கீழே அடித்துத் தெறிக்கும் இடம், சாரல் எழும் இடம் ஆகிய மூன்றும் போதும். பாறையில் மணி வேண்டாம். பரிசலிலும் வேண்டாம்; மூங்கிலால் பின்னி அடியில் தார் பூசிய பொருள் மின்னி நான் பார்த்ததில்லை. துடுப்பு தண்ணீரைத் தொடும் இடத்தில் நாலைந்து மணிகள் இருந்தால் பரிசல் நகர்வது தெரிந்துவிடும்.

நிரப்ப வேண்டாம் என்பதற்கு அழகைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. சீட் பீட்ஸ் எனப்படும் சிறுமணிகளில் 11ஆம் எண் மணி சுமார் 2 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 110 மணிகள் நிற்கும். ஓர் அங்குலச் சதுரத்தை இடைவெளி இல்லாமல் மூடினால் இருநூறு மணிகளுக்கு மேல், அதாவது இரண்டு கிராம் அளவில் ஏறும். அப்படியானால் ஓரடிச் சதுரம் கால் கிலோவைத் தாண்டுகிறது. சுவரில் தொங்க வேண்டிய குவில்ட்டில் உன் அருவியோ மேலிருந்து கீழ்வரை ஓடுகிறது. அவ்வளவு பாரத்தை நடுவில் மட்டும் ஏற்றினால் துணி தொய்ந்து, இரு பக்கப் பாறைகளும் உள்நோக்கிச் சாயும்.

மணியின் எண்ணும் கை ஊசியின் எண்ணைப் போலத்தான், எண் கூடக் கூடப் பொருள் சிறுக்கும். தொலைவில் தெரியும் தண்ணீருக்கு 15ஆம் எண், நடுவுக்கு 11, கண்ணுக்கு அருகே தெறிக்கும் துளிகளுக்கு 8 என்று எடுத்துக்கொண்டால் ஆழம் தானாகவே வரும். ஊடுருவித் தெரியும் கண்ணாடி மணி, அடியில் உள்ள துணியின் நிறத்தையும் கோத்த நூலின் நிறத்தையும் வாங்கிக்கொள்ளும். நீலத் துணிமேல் நீல மணியைத் தேடி அலையாதே, நிறமற்ற மணியே நீலமாகத் தெரியும். நுரைக்குச் சுண்ணாம்பு வெண்மையில் ஒளிபுகாத மணியும், சாரலுக்குப் பளபளப்பு நீக்கிய மங்கல் மணியும் பொருந்தும். சாரலை வரிசையாகத் தைத்தால் கோலப்புள்ளி ஆகிவிடும். ஒரு சிட்டிகை மணியைத் துணிமேல் தூவிவிட்டு, அவை விழுந்த இடங்களைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு தைத்துப் பார். சமிக்கி எனக்கு எப்போதுமே ஆகாது என்பது உனக்குத் தெரியும். அதை உன் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறேன்.

விளிம்பில் வழியும் நீருக்குச் சிறு குழல் துண்டு போன்ற மணியான கட் தானா நன்றாக இருக்கும், ஆனால் அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, பிறகு மறுபடியும் சூடேற்றி முனைகளை உருட்டியெடுத்தால் சிறுமணி ஆகிறது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் கிடைத்த பழைய மணிகளிலும் குழலாக இழுத்து நறுக்கியவை உண்டு. கட் தானாவின் முனைகளை அப்படி உருட்டுவதில்லை. நறுக்கிய விளிம்பு கூர்மையாகவே நின்று, துணி அசையும்போதெல்லாம் நூலை அறுக்கும். ஆகவே ஒவ்வொரு கட் தானாவுக்கும் இரு பக்கமும் ஒவ்வொரு சிறுமணியைக் கோத்துவிடு. நூல் கூர்விளிம்பில் உரசாமல் உருண்டையான மணியின் வழியாக இறங்கும்.

இனி நூலுக்கு வருகிறேன். ஆரி வேலை உனக்குக் கை வந்தது, வேகமும் இருக்கிறது, ஆனாலும் இதற்கு அதை எடுக்காதே. ஆரி ஊசி போடுவது சங்கிலித் தையல். முடிச்சு விட்ட இடத்திலிருந்து ஒரே நூலாக ஓடுகிறது, ஓரிடத்தில் அறுந்து நுனி அகப்பட்டால் இழுக்க இழுக்க மொத்த வரிசையும் அவிழும். திருமண ரவிக்கையை வருடத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ உடுத்துவார்கள், அதற்கு அது தாங்கும். அதோடு, ஆரிக்கு ஒற்றைத் துணியைச் சட்டத்தில் முரசுத்தோல் போல விறைப்பாகக் கட்ட வேண்டும். மேல்துணி, பஞ்சு, அடித்துணி என்று மூன்றடுக்காகிவிட்ட குவில்ட்டை அப்படி இழுத்துக் கட்டினால் நீ போட்ட தையலெல்லாம் நெளியும். சாதாரணக் கை ஊசியில் 10ஆம் எண்ணோ, மணிக்கென்றே வரும் மெல்லிய நீள ஊசியோ எடுத்துக்கொள். முறுக்கிய பாலியஸ்டர் அல்லது நைலான் நூலை இரட்டையாக்கி, தேன்மெழுகில் ஒருமுறை இழுத்துவிட்டுத் தை. தங்கூசி எனும் வழவழப்பான மீன்பிடி இழை கண்ணுக்குத் தெரியாது என்று கடையில் ஆசை காட்டுவார்கள். அதில் முடிச்சு நிற்காது.

வரிசையாக ஓடும் இடங்களில் மூன்று மணியைக் கோத்துத் துணியில் இறங்கி, பின்னால் வந்து கடைசி மணிக்குள் மறுபடியும் நுழைந்து முன்னே போ. தனி மணிக்கு இரண்டு முறை ஊசி செலுத்தினால் அது ஆடாது. அடுத்த மணிக்கு ஊசியை நடுவிலுள்ள பஞ்சுக்குள்ளேயே நகர்த்திக் கொண்டுபோனால் முதுகுப் பக்கத்தில் நூல் தெரியாது. இடைவெளி ஓர் அங்குலத்துக்கு மேல் போகும் இடத்தில் முடிச்சிட்டுப் புதிதாகத் தொடங்குவதே நல்லது. இடையில் அறுந்தாலும் நாலு மணியோடு இழப்பு நின்றுவிடும். நூலை மூன்று அடுக்கிலும் ஊடுருவ விட்டு இறுக்கினால் மணி ஒரு குழிக்குள் அமரும், மேல்துணியோடு நிறுத்தினால் மேலே நிற்கும். பாறை இடுக்கில் தேங்கும் நீருக்கு முதல் வகையையும், தெறிக்கும் துளிக்கு இரண்டாவதையும் வைத்துக்கொள்.

இயந்திரத் தையல் முழுவதும் முடிந்த பிறகே மணியைத் தொடு. இயந்திரத்தின் பாதம் மணிமேல் ஏறினால் மணி உடையும், ஊசியும் உடையும். மணி நெருங்கிய இடங்களில் துணி கொஞ்சம் சுருங்கும் என்பதால், ஓரத்தை அளவாக வெட்டுவதை மணி வேலைக்குப் பின் வைத்துக்கொண்டு, ஓரத்தை மூடித் தைக்கும் கரைப்பட்டி வரும் இடத்தில் அரை அங்குலத்துக்கு மேல் வெறுமையாக விடு.

அரூர்ப் பக்கம் சிட்லிங்கியில் லம்பாடிப் பெண்கள் போடும் வேலையை நீ பள்ளியில் படிக்கும்போது பார்த்திருக்கிறாய். கண்ணாடி வில்லை வைக்கும் லம்பாடித் துணிகளை மறுபடியும் கவனித்துப் பார்: வில்லையில் துளை கிடையாது, நூலால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, அந்தக் கட்டைச் சுற்றி வட்டமாகத் தைத்துத்தான் அதை நிறுத்துகிறார்கள். சுற்றிலும் மங்கலான நூல் வேலை அவ்வளவு இருப்பதால்தான் வில்லை ஒன்று மின்னினாலே கண் அங்கே போகிறது.

வாங்கும் மணிகளில் சாயம் பூசியவையும் கலந்திருக்கும். ஒவ்வொரு வகையிலும் சிலவற்றை வெள்ளை ஈரத்துணியில் தேய்த்துப் பார். இன்னும் சிலவற்றில் பாதியை வெளிச்சம் படாதபடி தகட்டில் சுற்றி, எல்லாவற்றையும் சன்னல் வெயிலில் சில வாரம் வைத்து ஒப்பிட்டுப் பார். உள்ளே வெள்ளி பூசியவை முதலில் நன்றாக மின்னும், நாளடைவில் கறுக்கக்கூடும். தெறிப்பில் மட்டும் கொஞ்சமாகச் சேர்த்துக்கொள். கண்காட்சிக்கு அனுப்பும்போது மடிக்காதே. தடித்த குழாயில் மணிப் பக்கம் வெளியே வரும்படி சுருட்டி, இடையில் பழைய வேட்டித் துணி விரித்துவிடு.

அருவிப் பகுதியின் நீள அகலத்தை அங்குலத்தில் எழுதி அனுப்பு. எந்த எண்ணில் எத்தனை கிராம் வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டுச் சொல்கிறேன்; அதற்கு முன் மணி வாங்கிக் குவித்துவிடாதே.

அன்புடன்,
அப்பா