ஓக் மரங்களைக் காக்க ஒரு பள்ளம்: நன்கொடை வேண்டுகோள்

ஆஸ்டினில் நம் குடியிருப்பில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மரப் பாதுகாப்புக் குழுவின் வணக்கம்.

பூங்காவின் கிழக்கு ஓரத்தில் பட்டுக்கொண்டிருக்கும் லைவ் ஓக் மரங்களைப் பார்த்திருப்பீர்கள். வெயிலாலோ தண்ணீர்ப் பஞ்சத்தாலோ வந்த வாட்டம் அல்ல அது. ஓக் வாடல் என்ற பூஞ்சை நோய் என்று ஆய்வகச் சோதனையில் உறுதியாகிவிட்டது. டெக்சஸில் இந்த நோய் 1961இல் டாலஸில் முதலில் உறுதிசெய்யப்பட்டது. இப்போது 70க்கும் மேற்பட்ட கவுண்டிகளில் இருக்கிறது. வேரிலிருந்து நீர் ஏறும் குழல்களைப் பூஞ்சை அடைத்துவிட, மரம் தாகத்திலேயே சாகிறது.

லைவ் ஓக் மரங்களின் வேர்கள் மண்ணுக்கடியில் ஒன்றோடொன்று ஒட்டி வளர்பவை. பூஞ்சை அந்த வழியாகவே ஆண்டுக்குச் சராசரியாக 75 அடி நகர்கிறது. வேலியெல்லாம் அதற்குக் கணக்கில்லை. ஆகவே, 'என் மரத்துக்கு நானே மருந்து போட்டுக்கொள்கிறேன்' என்று ஒவ்வொருவரும் தனியாகச் செலவழித்தால் தெரு காப்பாற்றப்படாது. புரோபிகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லியை மரத்துக்குள் செலுத்தும் ஊசி அந்த ஒரு மரத்தைக் காக்கலாம். வேர்வழிப் பரவலை அது நிறுத்தாது.

ஒட்டிய வேர்களை அறுத்து அதை நிறுத்தக்கூடியது பள்ளம். தஞ்சாவூர் வாடல் வந்த தென்னையைச் சுற்றிப் பள்ளம் வெட்டித் தனிமைப்படுத்துவார்களே, அதே முறைதான். இங்கே குறைந்தது 4 அடி ஆழம் வேண்டும், நோய் தெரியும் மரங்களிலிருந்து 100 அடி தள்ளி வெட்ட வேண்டும். நம் மண்ணுக்கடியில் சுண்ணாம்புப் பாறை என்பதால் பாறை அறுக்கும் இயந்திரம் வரவேண்டியிருக்கிறது. செலவு கூடுவது அதனால்தான். 900 அடி நீளத்துக்கு மதிப்பீடு 18,000 டாலர். வீட்டுக்கு 300 டாலர் வீதம் 60 வீடுகள் தந்தால் வேலை முடிந்துவிடும். கூடுதலாக முடிந்தவர்கள் கூடுதலாகத் தாருங்கள். 20 டாலர்தான் முடியும் என்றாலும் தயங்காமல் தாருங்கள்.

பள்ளத்துக்கு உள்பக்கம், அதாவது நோய் இருக்கும் பக்கம், அமையும் வீடுகளுக்கு இது கசப்பான செய்தி என்று எங்களுக்குத் தெரியும். இன்று பச்சையாக நிற்கும் அவர்களுடைய மரங்களும் போகலாம். மதிப்பீட்டுக்கு மேல் சேரும் பணத்தை முதலில் அந்த மரங்களின் ஊசிக்கே செலவிட வேண்டும் என்று குழு முடிவு செய்திருக்கிறது. நியாயமும் அதுதான்.

அப்புறம், பணத்தைவிட முக்கியமான ஒன்று. பிப்ரவரி தொடக்கத்திலிருந்து ஜூன் இறுதிவரை ஓக் கிளைகளை வெட்டாதீர்கள். நோயில் செத்த செவ்வோக் (ரெட் ஓக்) மரத்தின் பட்டைக்கடியில் பூஞ்சை படலமாக வளர்ந்து, பழுத்த பழம்போல் மணக்கும். அந்த மணத்துக்கு வரும் சிறு வண்டுகள் பூஞ்சை வித்துகளைச் சுமந்துபோய், அடுத்த மரத்தின் புது வெட்டுக்காயத்தில் உட்காரும். எந்த மாதமானாலும் வெட்டிய உடனே காயத்தில் பெயின்ட் அடித்துவிடுங்கள். மரத்தை வெட்டியபின் நிற்கும் அடிக்கட்டை என்றாலும் அப்படியே. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பெற்றோரிடமும் சொல்லிவையுங்கள், வசந்தத்தில் தோட்டத்தை ஒழுங்குபடுத்த ஆசைப்படுவது அவர்கள்தான். வெளியிலிருந்து ஓக் விறகு வாங்கினால் நன்றாகக் காய்ந்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

லைவ் ஓக் இலையில் நரம்புகள் மட்டும் மஞ்சளாகிப் பழுப்பேறி, இடைப்பகுதி பச்சையாகவே இருந்தால் சந்தேகப்படுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் பழைய இலைகள் உதிர்வது இயல்பு, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். செவ்வோக் என்றால் காத்திருக்க நேரமில்லை. கோடையில் சில வாரங்களுக்குள் முழு மரமும் பழுப்பாகிவிடும். அடையாளம் தெரிந்ததும் படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்புங்கள், நாங்கள் வந்து பார்க்கிறோம்.

நன்கொடையை உங்கள் தெருப் பிரதிநிதியிடம் காசோலையாகத் தந்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவுக் கணக்கு மாதந்தோறும் பூங்கா அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். தோண்டும் முன் நிலத்தடிக் குழாய், கம்பிகளைக் குறித்துத்தரும் 811 சேவை எண்ணில் சொல்லி, எரிவாயு, மின்கம்பி செல்லும் இடங்களைக் குறித்துவிடுவோம். ஏதாவது காரணத்தால் பள்ளம் வெட்டப்படாமல் போனால் ஒவ்வொருவர் பணமும் முழுதாகத் திருப்பித் தரப்படும்.

மரப் பாதுகாப்புக் குழு