புதுச்சேரியின் யோகாசன ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். கடற்கரைச் சாலையில் வாகனங்கள் வராத அதிகாலையிலும், ஊரின் பூங்காக்களிலும் மண்டபங்களிலும் நீங்கள் நடத்தும் வகுப்புகளால் பயன் பெற்றவள் என்ற நன்றியோடுதான் இதை எழுதுகிறேன். கேட்க விரும்புவது ஒன்றே ஒன்றுதான்: ஆசனம் சொல்லிக்கொடுக்கும் முன், எதிரில் இருப்பவரின் உடல்நிலையைக் கேளுங்கள்.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உட்கொள்பவள். முதன்முதலில் சேர்ந்த வகுப்பில், வயது என்ன, மருந்து ஏதும் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்காமல், வந்திருந்த அனைவரையும் முதல் நாளே, தோள்களில் உடலைத் தாங்கிக் கால்களை மேலே உயர்த்தும் சர்வாங்காசனம் செய்யச் சொன்னார்கள். நான் தயங்கியதைக் கண்டு, ஆசிரியரே வந்து என் கால்களைப் பிடித்து மேலே தூக்கிவிட்டார். அன்று பிடித்த கழுத்து வலி ஆறு வாரம் விடவில்லை. என் பக்கத்தில் இருந்தவர், இளவயது முதல் தலையில் மீன்கூடை சுமந்து விற்றவர். அவருடைய கழுத்து என்ன நிலையில் இருந்தது என்பதையும் யாரும் கேட்கவில்லை.

தலைகீழாக நிற்கும் ஆசனங்களில் கண்ணின் உள்ளழுத்தம் உயரும் என்பதும், கண் அழுத்த நோயான கிளாக்கோமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து என்பதும் நீங்கள் அறிந்தவையே. எலும்பு அடர்த்தி குறைந்த பெண்கள், கால்களை நீட்டி அமர்ந்து முன்னால் வளையும் பச்சிமோத்தாசனத்தில் ஆழமாகக் குனிந்தால் முதுகெலும்பு நொறுங்கக்கூடும். மூச்சை விசையோடு வெளியே தள்ளும் வேகமான கபாலபாதி, உயர் இரத்த அழுத்தமோ குடலிறக்கமோ உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. அறிந்தும் கேட்காமல் விடுவதுதான் என் வருத்தம். மருத்துவம் படித்த சுவாமி கீதானந்த கிரி 1968-இல் ஆனந்த ஆசிரமத்தைத் தொடங்கிய ஊர் இது. ஜிப்மர் மருத்துவமனையிலேயே 2008 முதல் யோகத்துக்கெனத் தனி மையம் இயங்கிய ஊர். யோகமும் மருத்துவமும் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்வது இங்கே புதிய வழக்கம் அல்ல.

பின்னர் நான் சேர்ந்த வகுப்பின் ஆசிரியை, முதல் நாள் ஆசனம் எதையும் கற்பிக்கவில்லை. அரை மணி நேரம் என்னைப் பேசவிட்டுக் கேட்டார். கணவர் மறைந்தபின் இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்து, விடியும்வரை நெஞ்சு படபடக்கக் கிடப்பதை அவரிடம்தான் முதலில் சொன்னேன். மறுநாள் நாற்காலியில் அமர்த்தி, நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து ஆறு எண்ணும்வரை மெல்ல விடச் சொன்னார். அப்படிச் செய்யும்போது நிமிடத்துக்குப் பதினைந்து முறை ஓடும் மூச்சு ஏறக்குறைய ஆறாகக் குறைகிறது. வெளிமூச்சு நீள நீள, மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு தணிகிறது. இரண்டு மாதத்தில் விழிப்பு வந்தாலும் திரும்ப உறங்க முடிந்தது. மாத்திரையை நிறுத்தும்படி அவர் ஒருநாளும் சொன்னதில்லை, நானும் நிறுத்தவில்லை.

ஆகவே, புதிதாகச் சேர்பவர் நிரப்புவதற்குத் தமிழில் அரைப்பக்கப் படிவம் ஒன்று வையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் நீங்களே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தரையில் அமர முடியாதவர்களுக்காக நான்கு நாற்காலிகளாவது இருக்கட்டும். கடற்கரையில் காலை 7.30 மணிக்கு வாகனங்களுக்குச் சாலை திறந்துவிடுகிறது என்பதற்காக, கடைசியில் மல்லாந்து படுத்து ஓய்வெடுக்கும் சவாசனத்தை இரண்டு நிமிடத்தில் முடித்துவிடாதீர்கள்; நேரம் போதாத நாளில் ஓர் ஆசனத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். பகலெல்லாம் நின்று வேலை பார்ப்பவர்களுக்கு உடல் முழுவதும் தளர்ந்து கிடக்கும் ஒரே பொழுது அதுவாக இருக்கலாம்.

ஜனவரி 4 முதல் 7 வரை நடக்கும் பன்னாட்டு யோகத் திருவிழாவுக்கு உங்கள் மாணவர்களை ஆயத்தப்படுத்தும்போது, கடினமான ஆசனம் செய்யும் பிள்ளைகளோடு, நாற்காலியில் அமர்ந்து மூச்சுப் பயிற்சி செய்யும் எங்களில் சிலரையும் மேடைக்கு அழைத்துச் செல்லுங்கள். நாங்கள் வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
வகுப்பின் கடைசி வரிசையில் அமரும் மாணவி,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.