தாய்மாமன்மாரே, அந்த பேனர் வேண்டாம்

அன்புள்ள தாய்மாமன்மாருக்கு,

வணக்கம். நான் அரசுப் பள்ளியில் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள். அக்கா மகளோ தங்கை மகளோ வயதுக்கு வந்த சேதி கிடைத்ததும் முதலில் ஓடி வருகிறவர் நீங்கள். பட்டுப்பாவாடை, வளையல், மாலை, தட்டுத்தட்டாகப் பழம் என்று கடன் வாங்கியாவது சீர் செய்கிறீர்கள். அந்தப் பாசத்தை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

போன வருடம் ஒரு பிள்ளை, மஞ்சள் நீராட்டு முடிந்து பதினேழாம் நாள் வகுப்புக்கு வந்தாள். பள்ளிக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் ஆளுயரத்துக்கு மேல் அவள் படம், சுற்றிலும் மாமன்மார் முகங்கள். விழா முடிந்து ஒரு மாதமாகியும் யாரும் அதை அவிழ்க்கவில்லை. அவள் முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கி வயல் வரப்பு வழியாக நடந்து வந்தாள். தினமும் சுடிதார் ஓரமெல்லாம் சேறு. ஏன் என்று கேட்டேன். "பசங்க படத்தைப் பார்த்துப் பாடுறாங்க டீச்சர்" என்றாள். அதற்கு மேல் பேசவில்லை.

ஊருக்கெல்லாம் சொன்ன விஷயத்தை அவளுக்கு மட்டும் யாரும் விளக்கிச் சொல்லியிருக்கவில்லை. முதல் ஓரிரு வருடம் நாள் முன்னே பின்னே வருவது சகஜம் என்று தெரியாமல், அடுத்த மாதம் வரவில்லையே என்று பயந்து என்னிடம் வந்து அழுதாள்.

குடிசை கட்டுவதும் பல ஊர்களில் உங்கள் உரிமைதான். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது, பட்டுக்கோட்டை பக்கம் அணைக்காட்டில், வயதுக்கு வந்ததற்காகக் குடிசையில் தங்கவைத்திருந்த சிறுமி மேல் தென்னை மரம் விழுந்தது. பிள்ளை பிழைக்கவில்லை. தயவுசெய்து இனி ஒரு ஓலைகூட முடையாதீர்கள். அவள் வீட்டுக்குள், அவள் பாயில் படுக்கட்டும்.

அப்புறம் சாப்பாடு. உளுந்தங்களி, நல்லெண்ணெய், கருப்பட்டி எல்லாம் நல்லதுதான், ஆனால் பதினாறு நாளோடு நின்றுவிடுகிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோம். வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டியதால் ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிடுகிறார்கள், கூட்டும்போது எடுத்திருக்கிறேன். காலையில் சாப்பிட்டுவிட்டு வந்தால் இந்தத் தொல்லை குறையும். சீர்ப் பணத்தில் கொஞ்சம் எடுத்து, மாதாமாதம் முட்டையும் கடலை மிட்டாயும் வாங்கிக் கொடுங்களேன்.

இன்னொன்றைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். "என்ன பொண்டாட்டி, எப்போ கல்யாணம்?" என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் கேட்காதீர்கள். நீங்கள் கேலிக்குத்தான் கேட்கிறீர்கள். அவளுக்கு அது கேலியாகத் தெரிவதில்லை. பதினெட்டு வயதுக்கு முன் கல்யாணம் கூடாது என்று 2006-லேயே சட்டம் வந்தாயிற்று. என்னிடம் படித்த இரண்டு பேர் பத்தாம் வகுப்போடு நின்றதற்கு, முறைமாமன் காத்திருக்கிறார் என்பதுதான் வீட்டில் சொன்ன காரணம்.

என் மாமாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் உட்கார்ந்த ஒன்பதாம் நாள் காலாண்டுத் தேர்வு. தீட்டு, வெளியே அனுப்பக்கூடாது என்று ஆச்சி வாசலை மறித்தார். மாமா சண்டை போடவில்லை. "கணக்குப் பரீட்சைம்மா, வந்ததும் தலைக்கு ஊத்திக்கட்டும்" என்று சொல்லி, டிவிஎஸ் ஃபிஃப்டியில் என்னை ஏற்றிக்கொண்டு போனார். பரீட்சை முடியும்வரை வேப்பமரத்தடியில் நின்றார். திரும்பும் வழியில், "வயிறு வலிக்குதா, கடையில சோடா வாங்கட்டுமா" என்று கேட்டார். அந்த வயதில் என்னிடம் அப்படிக் கேட்ட ஒரே ஆண் அவர்தான். பின்னாளில் நர்ஸிங் வேண்டாம், டீச்சர் டிரெயினிங் போகிறேன் என்று முதலில் அவரிடம்தான் சொன்னேன்.

வைகாசியில் உங்களில் எத்தனையோ பேர் வீட்டில் விசேஷம் இருக்கும். மாலை போடுங்கள், சீர் வையுங்கள். பிளெக்ஸ் கடைக்குக் கொடுத்த அவள் படத்தை மட்டும் இன்றே போய்த் திரும்ப வாங்கிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகளின் டீச்சர்