கரிம வேதியியல் வினாத்தாள் அமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு, வணக்கம்.

"வினை முதல் வகையைச் சார்ந்தது, எனவே அது எஸ்என்1 வழிமுறை" என்ற விடைக்கு முழு மதிப்பெண் கொடுப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். எஸ்என்1 என்பது, விலகும் தொகுதி முதலில் பிரிந்து கார்பன் நேரயனி உருவாகி, பிறகே கருக்கவர் பொருள் (எலக்ட்ரான் இணையைத் தந்து கார்பனைத் தாக்கும் துகள்) வந்து சேரும் வழிமுறை. வினைவகை, அதாவது செறிவு மாறும்போது வேகம் எந்த அடுக்கில் மாறுகிறது என்பது, ஆய்வகத்தில் அளந்து பெறுவது. மூலக்கூறு எண்ணோ, ஒரு படியில் எத்தனை துகள்கள் மோதி வினைபுரிகின்றன என்று வழிமுறையை வைத்துச் சொல்வது. முன்னது தெரிந்ததாலேயே பின்னது தெரிந்துவிடாது.

கரைப்பானே கருக்கவர் பொருளாகவும் இருந்தால் சிக்கல் அப்பட்டமாகத் தெரியும். பருமனில் 80 விழுக்காடு அசிட்டோனும் 20 விழுக்காடு நீரும் கலந்த கரைசலில், லிட்டருக்கு ஏறத்தாழ 11 மோல் நீர் இருக்கும். அதில் போட்ட 0.01 மோல் ஆல்கைல் ஹாலைடு முழுவதும் தீர்ந்தாலும் நீரின் செறிவு ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் குறையாது. வேகத்தைத் தீர்மானிக்கும் படியில் நீர் நேரடியாகவே தாக்கினாலும் அளந்து வரையும் வேக வரைபடம் முதல் வகையைத்தான் காட்டும்.

எஸ்என்1 என்று சொல்லச் சான்று வேறு. டைபீனைல்மெத்தில் குளோரைடு கரைசலில் குளோரைடு உப்பைச் சேர்த்தால் வேகம் குறைகிறது: பிரிந்த கார்பன் நேரயனியைக் குளோரைடு மீண்டும் பிடித்துக்கொள்கிறது. அசைடு உப்பைச் சேர்த்தாலோ வேகம் அப்படிக் குறைவதில்லை, ஆனால் விளைபொருளில் அசைடு வந்துவிடுகிறது. பெர்குளோரேட்டு உப்பால் அயனிச் செறிவை ஒரே அளவில் வைத்துக்கொள்ளாவிட்டால், வெறும் உப்பு விளைவைக் (கரைசலில் அயனிகள் கூடுவதாலேயே வேகம் மாறுவதை) கருக்கவர் பொருளின் பங்கேற்பு என்று எண்ணி ஏமாறுவோம். மூவிணைய பியூட்டைல் குளோரைடில் குளோரைடின் இந்தத் தடை அநேகமாகத் தெரியாது. அதன் நேரயனியை நீர் அவ்வளவு விரைவில் பிடித்துவிடுகிறது. ஆகவே "தடை இல்லை, எனவே எஸ்என்1 இல்லை" என்ற விடைக்குறிப்பும் தவறே.

"வலிய காரம், எனவே வலிய கருக்கவர் பொருள்" என்பதும் இதே ரகம். காரத்தன்மை சமநிலையில் அளப்பது, கருக்கவர் திறன் வேகத்தில் அளப்பது. நீரில் பீனாலின் பிகேஏ (அமில வலிமையின் அளவு; எண் குறையக் குறைய அமிலம் வலியது, அதன் எதிரயனி வலுக்குறைந்த காரம்) 10, தயோபீனாலுக்கோ 6.6. அதாவது தயோபீனாக்சைடு வலுக்குறைந்த காரம். ஆனாலும் மெத்தனாலில் மெத்தில் அயோடைடை அது பீனாக்சைடைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வேகமாகத் தாக்கும்.

பியூட்டாடையீனுடன் ஹைட்ரஜன் புரோமைடு சேரும் வினையைக் கேட்கும்போது வெப்பநிலையை விட்டுவிடாதீர்கள். மைனஸ் 80 டிகிரி செல்சியஸில் 1,2-விளைபொருள் (ஹைட்ரஜனும் புரோமினும் அடுத்தடுத்த கார்பன்களில் சேர்ந்தது) மேலோங்கும், 40 டிகிரியில் 1,4-விளைபொருள் (இரு முனைக் கார்பன்களில் சேர்ந்தது). வெப்பநிலை தராத கேள்விக்கு மாணவர் எதை எழுதினாலும் மதிப்பெண் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.