ஆட்டுக்கு அந்த வால் கிடையாது மவனே

அஸ்ஸலாமு அலைக்கும் மவனே,

ஆபரேஷன் முடிஞ்சு நாலு நாள் கழிச்சு போன் போட்டு, குடல்வால் தான் வாப்பா, வேஸ்ட் பீஸு, எடுத்து போட்டுட்டாங்கன்னு சிரிச்ச பாரு, எனக்கு சுர்ருன்னு வந்துச்சு. உம்மா அன்னைக்கு சோறே திங்கல. வயித்துவலின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. சரி விடு.

ஆட்டுக்கும் இது இருக்கான்னு கேட்டியே. கீழக்கரையில முப்பது வருஷமா கறிக்கடை, தினம் குடல் அலசுறவன் நான், பெருங்குடல் தொடங்குற இடத்துல இருக்குற குருட்டுக்குடல் பை மாதிரி மழுங்கலா இருக்கும், அதுல வால் தொங்கி ஒரு நாளும் பாத்ததில்ல. விலங்கியல் படிக்கிற உன் மாமி மககிட்ட கேட்டேன், ஆடு மாடு பூனை நாய் எதுக்கும் இல்லையாம். குரங்குலயே முக்காவாசிக்கு கிடையாதாம், கோயில்ல தேங்காய் பிடுங்குமே அதுக்கும் இல்ல, சிம்பன்சி கொரில்லா உராங்குட்டான் கிப்பனுக்கு உண்டு. அந்தக் காலத்து ரோம்ல கேலன்னு ஒரு வைத்தியர், மனுஷன அறுக்க முடியாம குரங்க அறுத்து பாத்து தான் எழுதுனாராம், அதான் அவர் கணக்குல இந்த வாலே வரல, 1521ல இத்தாலிக்காரர் பெரெங்காரியோ டா கார்ப்பி தான் எழுதி வச்சாராம்.

இதக் கேளு, நீ மொட்டமாடில வளத்தியே முயலு, அதுக்கு உண்டாம்! நல்லா தடிமனா, நோயோட சண்ட போடுற வெள்ளணு நெறஞ்சு. ஆஸ்திரேலியாவுல வோம்பேட்னு வளை தோண்டி வாழுற ஒரு விலங்கு, அதுக்கும் இருக்கு. முயலுக்கும் அதுக்கும் நமக்கும் என்ன சொந்தம்? தனித்தனியா பல தடவ முளைச்சிருக்குங்குறாங்க. டார்வின் 1871ல இத பழசோட மிச்சம்னு எழுதுனாராம், அவரோட எனக்கு வேற வழக்கு இருக்கு அது கிடக்கட்டும், ஒண்ணுக்கும் ஆகாததுன்னா ஏன் திரும்பத் திரும்ப முளைக்கணும்? பேதியில குடல் கழுவிப் போனா நல்ல கிருமி இதுக்குள்ள பதுங்கியிருந்து திரும்ப பரவும்னு 2007ல அமெரிக்காவோட டியூக் பல்கலைக்கழகத்துல சொல்லியிருக்காங்க. அது இல்லாமலும் நல்லா இருக்கலாம், பயப்படாத. ஆனா வேஸ்ட்னு மட்டும் சொல்லாத, தலை கால் போட்டி எல்லாத்தையும் வித்து தான் உன்ன படிக்க வச்சேன்.

தையல் காயுற வரைக்கும் தண்ணி கேன் தூக்காத. உம்மா நெத்திலி கருவாடு குடுத்து விடணும்னு நிக்கிறா, திங்கலாமான்னு டாக்டர்ட்ட கேட்டுட்டு போன் பண்ணு, இந்தவாட்டி அன்னைக்கே.

வாப்பா