யார் எங்கே நிற்பது

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. சொட்டு மருந்தை விடாமல் போடச் சொல். இங்கே எல்லோரும் சுகம்.

குழந்தைகள் வார்டில் இப்போது என்ன செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். கொஞ்ச காலமாக என் மனசு ஒரே விஷயத்தில்தான் இருக்கிறது. மூச்சுப் பேச்சில்லாமல் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தால், நாங்கள் எல்லோரும் சேர்ந்து எப்படி இயங்குகிறோம் என்பதுதான் அது.

குழந்தைகளுக்கு இதயம் தானாகத் திடீரென்று நிற்பது அபூர்வம். நிமோனியா, செப்சிஸ் (உடல் முழுவதையும் பாதிக்கும் கடும் தொற்று), நீரில் மூழ்கியது என்று மூச்சோ ரத்த ஓட்டமோ முதலில் சரிந்து, அப்புறம்தான் இதயம் நிற்கும். அதனால் மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக்கை அழுத்தும்போது நெஞ்சு எழும்புகிறதா என்று பார்ப்பது பெரியவர்களைவிட இங்கே இன்னும் முக்கியம். இதெல்லாம் எங்கள் பி.ஜி. (மேல்படிப்பு) பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஆனால் குழந்தை வந்ததும் கட்டிலைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிடும். நின்ற இதயத்தைத் தூண்ட "அட்ரினலின் போடுங்க" என்று ஒருவர் பொதுவாகச் சொல்வார். இரண்டு பேர் எடுக்கப் போவார்கள், இல்லாவிட்டால் ஒருவரும் போகமாட்டார்கள்.

இப்போது டியூட்டி மாறும்போதே பேசி வைத்துக்கொள்கிறோம். தலைமாட்டில் யார், நெஞ்சை அழுத்துவது யார், மருந்து யார், நேரத்தோடு எழுதுவது யார் என்று. தலைமை ஏற்பவர் கால்மாட்டில் நிற்பார், எதையும் தொடமாட்டார். சீனியர்களுக்கு இது பழகவே நாளாயிற்று. ஊசி குத்த வராவிட்டால் கை தானாக நீளுகிறது, பாவம்.

மருந்தில்தான் எனக்குப் பயம் அதிகம். நம் ஊர் ஆம்ப்யூலில் (மருந்துக் குப்பியில்) 1 மில்லியில் 1 மில்லிகிராம் அட்ரினலின். அதோடு 9 மில்லி சலைன் சேர்த்து, அதில் கிலோவுக்கு 0.1 மில்லி கொடுக்க வேண்டும். பத்துக் கிலோ குழந்தைக்கு 1 மில்லி. கலக்காமல் அதே 1 மில்லியை ஏற்றினால் பத்து மடங்கு போய்விடும். பதற்றத்தில் இந்தக் கணக்கைத் தனியாகப் போடும்படி யாரையும் விடக்கூடாது. அதனால் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறோம். வாங்கிக்கொண்ட சிஸ்டர் அளவைத் திருப்பிச் சொல்லி, சிரிஞ்சில் லேபிள் ஒட்டி, "கொடுத்தாச்சு" என்று உரக்கச் சொல்கிறார். மின் அதிர்ச்சி (ஷாக்) தேவைப்படாத வகை இதய நிறுத்தம் என்றால், நெஞ்சை அழுத்தத் தொடங்கி ஐந்து நிமிடத்துக்குள் முதல் டோஸ் போயாக வேண்டுமே.

இன்னொன்று செய்தோம். என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் உருப்படியானது. அழுத்தும் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க ஒரு சிஸ்டரை நிறுத்தியிருக்கிறோம். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தல், நெஞ்சின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு, பதினைந்து அழுத்தலுக்கு இரண்டு மூச்சு, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம், இடையில் நிறுத்தினால் பத்து விநாடிக்குள். "இன்னும் ஆழமா", "முழுசா கையை விடுங்க" என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். தலைவருக்கு அப்போதுதான் இதயம் நின்ற காரணத்தை யோசிக்க மூளை மிஞ்சுகிறது.

பயிற்சிக்கு அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் எலிசபெத் ஹன்ட் குழுவினர் 2014-இல் எழுதிய முறையைத்தான் எடுத்துக்கொண்டோம். தவறு நடந்த இடத்திலேயே நிறுத்தி, திருத்தி, மறுபடி முதலிலிருந்து செய்ய வைப்பது. கடைசியில் உட்கார்ந்து பேசுவதைவிட இது கையில் நன்றாகப் படிகிறது. இடம் எங்கள் வார்டு, சாமான்களும் எங்கள் டிராலியில் இருப்பவைதான். முதல் டிரில்லில், தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பை விரித்தால் விளக்கு எரியவில்லை, பேட்டரி தீர்ந்திருந்தது. வகுப்பறையில் பொம்மையை வைத்துச் செய்திருந்தால் அது தெரிந்திருக்குமா?

போன வாரம் ஹவுஸ் சர்ஜன் பெண் ஒருத்தி, "மேடம், நெஞ்சு எழும்பல" என்று ப்ரொஃபசரிடமே சொன்னாள். மாஸ்க் பெரிய சைஸ். உடனே மாற்றினார்கள். அந்தக் குரல் வர வேண்டுமென்றுதான் தலைவர் நடுநடுவே "நான் எதையாவது விட்டுட்டேனா?" என்று கேட்க வேண்டும் என்று விதி வைத்தோம்.

சரி, இப்போது உன்னிடம் ஒரு கேள்வி. பெற்றோர் விரும்பினால் உள்ளே நிற்க வாய்ப்புக் கொடுக்கலாம் என்றே வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. நாங்கள் இன்னும் தாயை வராந்தாவுக்கு அனுப்பிவிடுகிறோம், எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் அவளோடு நின்று நடப்பதைச் சொல்ல ஒருவர் வேண்டும், இரவில் ஆளே போதாது. பர்மிங்ஹாமில் உங்கள் யூனிட்டில் யார் அப்படி நிற்கிறார்கள், நர்ஸா வேறு யாராவதா? விவரமாக எழுது.

அன்புடன்,
கலா